எலுமிச்சம்பழ அளவுக் கட்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே பிரிவில் நான் இளம் டாக்டர். மூளைக் கட்டியின் அளவை ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். ஒருவருக்குக் கொட்டைப்பாக்கு, இன்னொருவருக்கு நெல்லிக்காய். பசி வேளையில் எழுதிய ஒருவர் குலாப்ஜாமூன் என்றே எழுதிவிட்டார். சர்ஜன் கடுப்பாகிவிட்டார்.

எங்கள் பெரிய டாக்டர் இதை ஒழுங்குபடுத்தக் கிளம்பினார்.

"ஸ்கேல் வச்சு அளந்து எழுதலாமே, சார்" என்றேன்.

"சர்ஜனுக்குக் கண்ணு முன்னாடி தெரியணும்ப்பா. இனிமே எல்லாருக்கும் எலுமிச்சம்பழம்தான்."

தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு பழம் வந்தது. படம் பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் அதை வைத்து, மாற்றக்கூடாது, அதுதான் அளவு என்று உத்தரவும் போட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல். ஆனால் பெரிய டாக்டரிடம் யார் வாயைத் திறப்பது?

பம்மலில் ஒரு வாத்தியாருக்கு மூளையில் சுண்ணாம்பு படிந்த கட்டி. அப்படியே இருந்தால் விட்டுவிடலாம். வளர்ந்தால் மண்டையைத் திறந்தாக வேண்டும், பிழைப்பது சந்தேகம். முதல் படத்துக்கு 'முக்கால் எலுமிச்சை' என்று எழுதியிருந்தோம். சில மாதம் கழித்து எடுத்த படத்தில் பெரிய டாக்டரே பழத்தைப் பிடித்துப் பார்த்து, 'ஒன்றேகால்' என்று எழுதினார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அன்று காலை சர்ஜன் பழைய படத்தைக் கேட்டார். அது வாத்தியார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் மனைவி பஸ் பிடித்துப் போய் எடுத்துவந்தார். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தோம். கட்டி துளிகூட வளரவில்லை. விளக்குச் சூட்டில் பழம்தான் வற்றிச் சுருங்கியிருந்தது. பெரிய டாக்டர் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் வார்டுக்கு ஓடினேன். "ஆபரேஷன் இல்ல, சார்! கட்டி வளரவே இல்ல!"

வாத்தியார் அப்போதுதான் மழித்திருந்த தலையைத் தடவிப் பார்த்தார். "ஐயையோ, டாக்டர்! ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு எப்படிப் போவேன்? திருநீர்மலைப் பெருமாளுக்கு மொட்டை போட எப்போ வேண்டிக்கிட்டீங்கன்னு கேப்பாங்களே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி, சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கேக்கட்டும்ங்க. பதில் சொல்ல நீங்க இருக்கீங்கல்ல."