மாடத்தி வாங்காத கடன்

சாத்தூர்ல இருந்து இருக்கன்குடி போற ரோட்டுல இறங்கி மாடத்தி வீடு எதுன்னு கேட்டா, எந்த மாடத்தின்னு திருப்பிக் கேப்பாக. அந்த ஊர்ல ஒம்பது மாடத்தி. கடன் வாங்காத மாடத்தின்னு சொன்னாப் போதும், வாசல்லயே கொண்டுபோய் விட்டுட்டு வருவாக.

அந்தப் பேரு சும்மா வரல. வெடிக் கம்பெனிகள்ல ஒரு வழக்கம் உண்டு. ஆடிக் கடைசி வெள்ளி திருவிழாவுக்கு முன்னால ஆளுகளுக்கு முன்பணம் குடுப்பாக. பத்தாயிரம், இருபதாயிரம்னு கை நிறையக் குடுப்பாக. பாசத்துலயா குடுக்குறாக? வேற கம்பெனிக்குத் தாவிறக் கூடாதுன்னு போடுற மூக்கணாங்கயிறுல்ல அது! வாங்கினவுக வருசம் பூரா வாராவாரம் கூலியில கழிச்சுக்கிட்டே கிடக்கணும். மாடத்தி புருசன் பாண்டி, வாங்கின முன்பணத்தக் கழிக்கணுமேன்னு காய்ச்சலோட வெடிமருந்து கலக்குற ரூமுக்கு வேலைக்குப் போனான். அன்னைக்குக் காலையில நடந்த விபத்துல அவனும் இன்னும் ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக. மகள் ரோஜாவுக்கு அப்ப மூணு வயசு. அதுக்கப்புறம் பதினாறு வருசம், கடன்னு சொல்லி நீட்டின காசுக்கு மாடத்தி கை நீண்டதே இல்ல. மகளிர் கடன் குழுவுல சேரச் சொன்னாலும் மாட்டேன்னுதான் சொல்லுவா. கஞ்சி இருந்தா கஞ்சி, இல்லாட்டி தண்ணி.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் ஒரு சனிக்கிழமை கூலியில எழுநூறு ரூபா குறைஞ்சு வந்துச்சு.

மாடத்திக்குப் பட்டாசுச் சரம் பின்னுற வேலை. பதினாலாம் நம்பர் ரூம். வாரம் முழுக்கக் குனிஞ்சு பின்னினா ரெண்டாயிரத்து அறுநூறு, எழுநூறு தேறும். அன்னைக்குக் கைக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம். கணக்குப்பிள்ளை சண்முகவேல் தலையக்கூட நிமித்தாம, கடன் கம்பெனியில இருந்து கடுதாசி வந்துருக்கு, உங் கூலியில பிடிச்சு அனுப்பச் சொல்லிருக்காகன்னாரு. போன வருசம் மாடத்தி நாப்பத்தெட்டாயிரம் வாங்கினாளாம். வட்டியோட இப்ப அறுபத்தோராயிரமாம்.

அவ நெஞ்சில கைய வச்சுக்கிட்டு, நான் வாங்கவே இல்லையே அண்ணாச்சின்னா. வாங்காமலா பேரும் ஆதார் நம்பரும் அச்சா இருக்குன்னு கேட்டுட்டு அவரு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்க போச்சு? கடுதாசியில ரெண்டு முத்திரையும் நாலு வரி இங்கிலீசும் இருந்தா உடனே பயந்து நடுங்கிறதா? பதினாறு வருசமா கண்ணு முன்னால உக்காந்து வேலை பாக்குறவ சொல்லு பெருசா, எவனோ அனுப்பின காயிதம் பெருசா? பிடிச்சது அவரு காசா இருந்தா ஒரு தடவையாவது விசாரிச்சிருப்பாரு. கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான் இது.

அடுத்த வாரமும் எழுநூறு. அதுக்கடுத்த வாரமும். இப்படியே போனா எம்பத்தேழு வாரம் பிடிப்பாகம்மான்னு ரோஜா கணக்குப் பாத்துச் சொன்னா. காசு போச்சேங்கிறது ஒரு பக்கம். பேசாம இருந்தா, வாங்கினவன்னு ஆயிருமேங்கிறதுதான் மாடத்தியப் போட்டு அரிச்சுது.

நாலாவது வாரம் கடன் கம்பெனி வசூல்காரன் ஊருக்கே வந்துட்டான். மணிகண்டராஜ்னு கழுத்துல அட்டை தொங்குச்சு. தேய்ச்ச சட்டை, புது பைக். வெடிக் கம்பெனி வேன் வந்து பொம்பளையாளுக இறங்குற நேரமாப் பாத்து நடுத்தெருவுல வண்டிய நிறுத்தினான். நாலு பேரு கேக்கணும்னுதான சத்தமாப் பேசுறது? வாங்கும்போது இனிச்சுது, குடுக்கும்போது கசக்குதான்னு கேட்டான். அவன் வயசென்ன, இவ வயசென்ன! மாடத்தியும் விடல, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டித்தான் அனுப்பினா. ஆனா அவன் போன பிறகு எதுத்த வீட்டுக்காரி, கடன் வாங்காத மாடத்திக்கே இப்படியான்னு சிரிச்சிக்கிட்டே கேட்டா பாருங்க, அதத்தான் இவளால தாங்க முடியல. வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுதா.

அழுது முடிச்சுட்டு, ரோஜா விசாரிச்சு வந்து சொன்னபடி, ஒரு நாள் கூலிய விட்டுட்டு கோர்ட்டு வளாகத்துல இருக்க இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனா. அங்கன யோகேஸ்வரின்னு ஒரு வக்கீலம்மா. கதை பூராவையும் குறுக்க பேசாமக் கேட்டுட்டு அந்தம்மா சொன்னது ரெண்டே விசயம்.

"கோர்ட்டு உத்தரவு இல்லாம உங்க கூலியில கடன் குடுத்தவன் ஒத்த ரூபா பிடிக்கச் சொல்ல முடியாதும்மா. நீங்க வாங்கினீங்கன்னு அவன்தான் காட்டணும், வாங்கலைன்னு நீங்க காட்டவேண்டியதில்ல."

கடன் பத்திரத்தோட மூலத்தக் கொண்டாந்து காட்டுன்னு கடன் கம்பெனிக்கு ஒரு நோட்டீசு, பிடிச்ச கூலியத் திருப்பிக் குடுன்னு வெடிக் கம்பெனிக்கு ஒரு நோட்டீசு. ரெண்டையும் எழுதி அனுப்பிட்டு, வக்கீலம்மா காசு வாங்க மாட்டேன்னுட்டாக. திரும்பி வர்ற பஸ்ல மாடத்திக்கு நிம்மதி வரல, ஆத்திரம்தான் பொத்துக்கிட்டு வந்துச்சு. இம்புட்டுத்தான சட்டம்? இத மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு நாளெல்லாம் பேப்பர் படிக்கிற கணக்குப்பிள்ளை ஒரு போன் போட்டுக் கேட்டுருக்கப்பிடாதா?

ஆறாவது சனிக்கிழமை. கூலி வாங்க முப்பது பொம்பளைக ஆபீஸ் வாசல்ல வரிசையில நிக்கிறாக. உள்ள மணிகண்டராஜ் கையில பைலோட உக்காந்துருக்கான். மூலத்தக் காட்டி இவ வாய அடைச்சிறலாம்னு வந்தவன், மேசையில பைல விரிச்சுப் போட்டான். மேல கடன் மனு. கீழ, கடன் வாங்கினவர்னு போட்ட இடத்துல ஊதா மையில ஒரு பெருவிரல் ரேகை.

மாடத்தி குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. ஒவ்வொரு கோடும் எண்ணி எடுத்துறலாம், அம்புட்டுச் சுத்தமா விழுந்துருந்துச்சு ரேகை.

அவ சிரிச்சுட்டா. வரிசையில எட்டிப் பாத்தவளுகளும் சிரிச்சாளுக. வசூல்காரனுக்கு ஒண்ணும் புரியல. எப்படிப் புரியும்? வருசக்கணக்கா நூலும் திரியும் உரசி, வெடிக்குப் போடுற வெள்ளித்தூள் ஏறி, சாயங்காலமானா அதப் போக்கத் தேங்காநாரப் போட்டுத் தேய்ச்ச வெரல்ல கோடு எங்க இருக்கும்? ரேசன் கடை மிசின்ல மாடத்தி ரேகை விழுந்து ஏழு வருசமாச்சு. அரிசி வாங்க ரோஜாதான் காலேஜுக்கு லீவு போட்டுட்டுப் போவா. இந்தப் பக்கத்துல பத்து வருசம் சரம் பின்னினவ எவளுக்கும் இதே கதைதான். ஆனா எங்கயோ ஃபேனுக்கடியில உக்காந்து திருட்டுப் பத்திரம் எழுதினவனுக்கு அது தெரியல. கூலிக்காரின்னா கைநாட்டுத்தான வைப்பான்னு, நோகாத கை ஒண்ணப் பிடிச்சு அழுத்தி வச்சுட்டான்.

"அண்ணாச்சி, அந்த மைப்பெட்டிய இங்கிட்டுத் தள்ளுங்க" ன்னா மாடத்தி.

பெருவிரல மையில அழுத்தி, ஒரு வெள்ளைத்தாள்ல வச்சு எடுத்தா. மொழுமொழுன்னு ஊதாத் திட்டு. ஒரு கோடு இல்ல.

"இது என் வெரலு தம்பி. உங்க காயிதத்துல இருக்கது வேலைவெட்டி பாக்காத வெரலு. அதுபோக, நான் அறிவொளி இயக்கத்துல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவ. பதினாறு வருசமா வாராவாரம் இந்த நோட்டுல கையெழுத்துத்தான் போடுறேன். அண்ணாச்சி கண்ணு முன்னாலதான் போடுறேன்."

சண்முகவேலுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. மணிகண்டராஜ், மேலிடத்துல விசாரிக்கிறோம்னு முனங்கிக்கிட்டே பைல மூடப் போனான். மாடத்தி அதுமேல கைய வச்சுட்டா. மனுவுக்குப் பின்னால குத்தியிருந்த ஆதார் நகல அப்பத்தான் பாத்துருக்கா. அதோட மூலையில செவப்பு மையில 'ரூம் 14'ன்னு எழுதிருந்துச்சு. அந்தக் கையெழுத்து அங்கன நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். கூலிக் கவர் மேல வாராவாரம் பேரெழுதுற கை அது.

மாடத்தி கணக்குப்பிள்ளை மூஞ்சிய நேராப் பாத்தா. அவரு தண்ணி பாட்டில எடுத்துக் குடிச்சாரு.

"போன வருசம் ஆளுகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தர்றோம்னு ஒருத்தன் வந்தான். நகலெல்லாம் கட்டோட எடுத்துக் குடுத்தேன். திருப்பி வாங்கல."

திருடினது எவனோ, ஆனா சாவியத் தூக்கிக் குடுத்தது இவருதான். குடுத்ததும் இல்லாம, திருட்டுக் குடுத்தவ கூலியிலயே அஞ்சு வாரம் பிடிச்சு அவனுகளுக்குக் கப்பமும் கட்டிருக்காரு. ஒரு மன்னிப்பு வார்த்தை வந்துச்சா? இனிமே பிடிக்கலம்மா, போனத நீ கடன் கம்பெனியில கேட்டு வாங்கிக்கன்னாரு.

மாடத்தி பேனாவ மேசையில வச்சுட்டா. மூவாயிரத்து ஐந்நூறும் என் கைக்கு வராம இந்த நோட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னா. அவனுகளா எங் கூலியப் பிடிச்சானுக, நீங்கதான பிடிச்சீகன்னு கேட்டா. கூலி நோட்டுல கையெழுத்து இல்லாட்டி தொழிலாளர் ஆய்வாளருக்குப் பதில் சொல்லணும். வக்கீலம்மா நோட்டீசு வேற மேசை டிராயருக்குள்ள கிடக்கு. சண்முகவேல் முதலாளிக்குப் போன் போட்டு, ரெண்டு நிமிசம் காதுல வாங்கிக் கட்டிக்கிட்டு, பெட்டியத் திறந்து எண்ணிக் குடுத்தாரு. மாடத்தி ஒருக்கா எண்ணி முந்தியில முடிஞ்சா.

காசு வந்துருச்சு, பேரும் வந்துருச்சு. அவ கிளம்பிருக்கலாம். அப்பத்தான் வரிசையில அடுத்து நின்ன ஐஸ்வர்யா, கல்யாணமாகி ஆறு மாசங்கூட ஆகாத பிள்ளை, மெதுவாக் கேட்டா.

"அந்தக் கட்டுல எத்தனை பேரு நகல் இருந்துச்சு அண்ணாச்சி?"

சண்முகவேல் மணிகண்டராஜப் பாத்தாரு, மணிகண்டராஜ் பைலப் பாத்தான்.

"முப்பத்திரண்டு" ன்னாரு.

வரிசையில சிரிப்பு நின்னுபோச்சு. மாடத்தி வாசலுக்குப் போகல. அங்கன கிடந்த ஸ்டூல இழுத்துப் போட்டு, மேசைக்கு முன்னால உக்காந்தா.

"மிச்சம் முப்பத்தொரு பேரு மேல என்னென்ன கடன் இருக்குன்னு போன் போட்டுக் கேளுங்க தம்பி. நாங்க இருக்கோம்."

வேன்காரர் வெளிய ரெண்டு தடவ ஹாரன் அடிச்சாரு. ஒருத்தியும் ஏறல.