பாரூர் ஏரி மீன்

மைக்கேல்ராஜ் அணையில் விழுந்தது போன மார்கழியில். கிருஷ்ணகிரி அணைக்கட்டில் மதகை ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலை அவனுக்கு. மழைச் சாயங்காலத்தில் கால் வழுக்கிப் போனவனைப் பரிசல்காரர்கள் நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. அவன் பெண்டாட்டி அருள்செல்வி கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பாவம் என்று அணைப் பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி வேலை போட்டுக் கொடுத்தார்கள். எந்தத் தண்ணீர் புருஷனைக் கொண்டுபோனதோ அதைத்தான் தினமும் குடத்தில் மொண்டு ஊற்றினாள்.

ஆள் கிடைக்காத தண்ணீரின் மீனைத் தின்ன எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. நாங்கள் இருக்கும் கோயில் தெருவே அணை மீனை விட்டது. அவள் எதிரில் மீன் என்ற பேச்சையே எடுப்பதில்லை. எங்கள் தெருவுக்கு நல்லது செய்யத் தெரியும், விடாமல் செய்யத்தான் தெரியாது. தை முடிவதற்குள் சைக்கிள் மீன்காரர் மாரிசாமியின் மணி மறுபடி கேட்டது. கூடையைப் பார்த்து "எந்தூரு மீனு?" என்று கேட்பார்கள். "பாரூர் ஏரி மீனுங்க" என்பார் அவர். பாரூர் ஏரி வற்றிக் கிடந்த சித்திரையிலும் அதையேதான் சொன்னார். கேட்டவர்களுக்கும் அது போதுமாக இருந்தது.

அருள்செல்விக்கு அடுத்த வீடு நஞ்சம்மாவுடையது. கன்னடத்துக்காரி, நல்ல மனசு. மீன் வறுக்கும் அன்றைக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். அந்தத் தெருவில் சாம்பிராணிப் புகை வந்தால் மீன் என்று அருள்செல்விக்குத் தெரியும். தெரிந்த மாதிரி ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

ஐப்பசியில் கல்லறைத் திருநாள் நெருங்கியது. செத்தவர்களின் குழிக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் நாள். தெருவே மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தது. மெழுகுவத்தியை வாங்கி வைத்துக்கொண்டு அதை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நின்றாள் அருள்செல்வி. பங்குச் சாமியாரிடம் போய் ஒரு குழிக்கு இடம் கேட்டாள்.

"உடம்பு இல்லாம எதம்மா புதைக்கிறது? ஏதாச்சும் கெடைக்கட்டும், மந்திரிச்சுத் தரேன்" என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

திருநாளுக்கு முந்தின நாள், புதன்கிழமை. வேலை முடிந்து வந்தவள் தெருமுனையில் மாரிசாமியின் சைக்கிளை மறித்துக்கொண்டாள். இத்தனை மாதமாக அவள் தலையைக் கண்டாலே வேறு சந்தில் திரும்பிவிடும் மனிதர், அன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டார்.

"இது பாரூர் ஏரி மீனும்மா" என்றார், அவள் கேட்காமலே.

"அப்படின்னா எனக்கு வேணாங்ண்ணா. அணை மீனு இருந்தா குடுங்க."

மாரிசாமி கூடையை மூடியிருந்த சாக்கை விலக்கினார். பிறகு இருந்ததிலேயே பெரிய கெண்டையை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை.

மைக்கேல்ராஜ் வெல்லப் பைத்தியம். மீனுக்கு வெல்லம் போடுகிற ஒரே வீடு என்று தெருவே கேலி பேசும். அவனுக்குச் செய்வது போலவே செய்தாள். ஒரு அடுப்பில் கேழ்வரகுக் களி வெந்தது. இன்னொன்றில் தோசைக்கல்லைப் போட்டு, உப்பும் மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிசிறிய துண்டுகளைக் கடலெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்தாள். அதை எடுத்துவிட்டு, கெட்டிப் புளிக்கரைசலும் தட்டிய பூண்டும் ஒரு கட்டி வெல்லமும் போட்டுக் கொதிக்கவிட்டாள். பாகு கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் துண்டுகளைப் போட்டுப் புரட்டினாள். மீன் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. 'இன்னும் கொஞ்சம் போடுடி' என்று பின்னாலிருந்து குரல் கேட்டதாம். திரும்பிப் பார்க்காமல் இன்னொரு துண்டு வெல்லம் போட்டாளாம். இதை அவளே பிறகு சொன்னாள்.

களி இறங்குவதற்குள் மீனும் தயார். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, நஞ்சம்மாவையும் அவள் புருஷனையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று தட்டு போட்டு, நாலாவதாக ஒரு தட்டைக் காலியாக வைத்தாள். அது யாருக்கு என்று நஞ்சம்மா கேட்கவில்லை.

"பாரூர் மீனா அருளு? என்ன ருசி!"

"அணை மீனுக்கா."

நஞ்சம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் புருஷன் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தான்.

"சாப்பிடுங்கக்கா. புதுசா என்ன? அந்தத் தண்ணியில இருக்கிறதெல்லாம் அவருதான். தெருவே அவர எடுத்துக்கிச்சு, எனக்குத்தான் ஒரு வாயும் கெடைக்கல." சொல்லிவிட்டு அமைதியாகச் சாப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது நஞ்சம்மாவுக்கு.

சாப்பிட்டு முடித்ததும் மூன்று தட்டிலும் இருந்த முள்ளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அந்தக் காலித் தட்டில் வைத்தாள். கழுவித் துடைத்து, மைக்கேல்ராஜின் காக்கிச் சட்டையில் முடிந்தாள். மறுநாள் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் தானே குழி தோண்டிப் புதைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த சாமியார் அங்கே வந்ததும் நின்றார்.

"என்னம்மா கெடைச்சுது?"

"எலும்பு சாமி."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்காமல் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு நகர்ந்தார். தெருவில் எல்லோருக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பாவம், அவளுக்கும் ஒரு இடம் ஆயிற்று, இனிமேல் தேறிவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நஞ்சம்மா மீன் வறுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு சாம்பிராணி இல்லாமல், கதவைச் சாத்தாமல். சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் நிழலாடியது. கையில் ஒரு கிண்ணத்தோடு அருள்செல்வி நின்றாள்.

"முள்ளைக் குப்பையில போட்டுடாதீங்கக்கா. அவரு இன்னும் முழுசா வந்து சேரல."