நூலா சொல்லாத பதில்

ஸ்பெயினில் இருக்கும் காதிஸுக்கு நூலா வந்தது ஒரே ஒரு குளிர்காலத்துக்கு. லா வின்யா பேட்டையில் இருக்கும் ஆங்கில வகுப்பு நிலையத்தில் ஒரு ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தாள். அந்த இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அயர்லாந்தில், பாலினா ஊரில், நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோய், கடைத்தெருவில் பார்ப்பவர்களின் அனுதாபம் தாங்காமல் தவித்துக்கொண்டிருந்தாள் நூலா. நாலு மாதம் வெயில் காய்ந்துவிட்டு வரலாம் என்று பெட்டியைக் கட்டினாள். விடுப்பில் போனவள் வேலைக்குத் திரும்பவில்லை. நூலாவும் ஊருக்குத் திரும்பவில்லை.

வெயில் காயலாம் என்று நினைத்தது தப்புக் கணக்கு என்பது முதல் டிசம்பரிலேயே தெரிந்துபோனது. வெளியே பளீரென்று அடிக்கும். வீட்டுக்குள் சுவரெல்லாம் கடல் ஈரம் ஏறி எலும்பைக் குடையும். கம்பளிக் கோட்டோடு சமைத்தாள், கோட்டோடு படித்தாள், கோட்டோடு தூங்கினாள். மூன்றாம் மாடியில் அவள் இருமுவதைக் கேட்டு முதல் மாடியிலிருந்து ஏறி வந்தவள் மிலாக்ரோஸ்.

"ஏன் பொண்ணே, மழை ஊர்லருந்து வந்துட்டு இங்கயா சாகப் போற? கீழ வா. எங்க மேஜைக்கடியில கணப்பு இருக்கு. காலை நீட்டு, மேஜைத் துணிய முழங்காலுக்கு மேல இழுத்துக்கோ, அவ்வளவுதான்."

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் போனாள். மிலாக்ரோஸ் புருஷனை இழந்தவள், வாய் ஓயாதவள், கோடை முழுக்கத் தோழிகளோடு கடற்கரையில் நாற்காலி போட்டு பிங்கோ ஆடுகிறவள். மகன் சானோ கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். பெண்டாட்டி பிரிந்து பார்சிலோனா போய்விட்ட பிறகு அம்மாவோடு வந்து ஒட்டிக்கொண்டவன். மீசைக்குள் சிரிக்கிற ஆள்.

நூலாவின் நாட்கள் ஒரு மாதிரி அமைந்துவிட்டன. காலையில் சந்தை, மீன்காரி "இந்தா சீமைக்காரி, உனக்குன்னு எடுத்து வெச்சேன்" என்று தள்ளிவிடும் நெத்திலி. மதியம் மொட்டை மாடியில் துணி உலர்த்துவது; கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் போர்வைகள் பக்கத்துத் தெருவுக்கே போய்விடும், போய்க் கெஞ்சி வாங்கி வர வேண்டும். மாலை நாலிலிருந்து ஒன்பது வரை வகுப்பு. ஒவ்வொரு செப்டம்பரிலும் நிலையத்தின் இயக்குநரிடம், "இந்த வருஷம்தான் கடைசி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். அதனாலேயே நல்ல கட்டில் வாங்கவில்லை. திரைச்சீலை தைக்கவில்லை. போகிறவளுக்கு எதற்கு என்று சட்டியும் பானையும்கூட மிலாக்ரோஸிடமே இரவல்.

பேட்டை முழுக்க இது தெரியும். ஒரு கார்னிவல் திருவிழாவின்போது, தெருத் தெருவாகக் கிண்டல் பாட்டுப் பாடும் சானோவின் கோஷ்டி, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, நூலா நின்ற முக்கிலேயே நின்று பாடியது:

"நாளைக்கே கிளம்பறேன்னு பெட்டி கட்டினா சீமாட்டி,
பெட்டிக்குள்ள குட்டி போட்டு வாழுதய்யா பூனைக்குட்டி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நூலாவின் முகம் செக்கச் சிவந்தது. பாட்டு முடிந்து வந்த சானோ, "கோவமா டீச்சர்?" என்றான்.

"பூனைக்குட்டி எப்படிய்யா குட்டி போடும்?"

"எதுகைக்குப் போட்டுது. நீ வேற, இதுலயும் தப்பு கண்டுபிடிக்காத."

அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொள்ளாத அளவுக்குப் பிடித்திருந்தது. ஊருக்குப் போகப் போகிறவள் இங்கே ஒருவனைப் பிடித்துவைத்து என்ன செய்வது என்று ஒரு எண்ணம்; ஒரு முறை நின்ற கல்யாணம் போதாதா என்று அதற்குக் கீழே இன்னொரு எண்ணம்.

பிறகு கப்பல் பட்டறையில் வேலை வற்றியது. நிரந்தர ஆட்களுக்கே வேலை இல்லை, சானோ மாதிரி ஒப்பந்த ஆட்களை யார் சீந்துவார்கள்? சானோ முதலில் காலை காப்பிக்கு மதுக்கடை போனான், பிறகு காப்பி முடிந்தும் நாள் முழுக்க அங்கேயே உட்கார ஆரம்பித்தான். மகன் கூனிக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மிலாக்ரோஸ்தான் கேட்டாள்: "ஊரெல்லாம் இங்கிலீஷ் சொல்லித் தர்ற. என் புள்ளைக்குச் சொல்லித் தரமாட்டியா? அவன் கூட்டாளிங்க எல்லாம் ஜெர்மனி, நார்வேன்னு போறாங்களே."

மொட்டை மாடியில், துணிக்கொடிகளுக்கு நடுவே பாடம் நடந்தது. சானோ மந்தமான மாணவன் இல்லை. ஆனால் எதையும் சும்மா விடமாட்டான். மழையைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் கையைத் தூக்கினான்.

"நில்லு நில்லு. தூறலுக்கு ஒண்ணு, சாரலுக்கு ஒண்ணு, அடைமழைக்கு ஒண்ணு. உங்க ஊர்ல இதுக்குப் பேர் வெச்சே பொழுது போயிடுமா?"

"எங்கப்பாகிட்ட கேளு. இன்னும் பத்து சொல்லுவாரு."

அப்பாவிடம் அவனைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிற்பாடு பல முறை நினைத்திருக்கிறாள். அப்பா கோல்ம், பால் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அந்த வாரத் தொலைபேசிப் பேச்சில் சானோவைப் பற்றி வாய் தவறிச் சொன்னாள். அவர் உடனே, "வெல்டரா? நம்ம ஊர் டிரெய்லர் பட்டறையில ஆள் கிடைக்காம அலையறாங்களே. நான் பேசட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருந்தது? "பேசுங்கப்பா" என்றாள். தன் வாயாலேயே.

வேலை உறுதியான அன்று மாலை சானோவும் அவளும் லா காலெத்தா கடற்கரையில் நடந்தார்கள். மணலில் கவிழ்த்திருந்த படகு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்கள். அவன் ஸ்பானியத்தை விட்டுவிட்டு, தான் கற்ற ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி ஒரு கேள்வி கேட்டான். "நான் இருக்கிறது உனக்கு வேணுதா?" என்கிற மாதிரி வந்தது. தப்பும் தவறுமாக.

நூலாவின் வாய் டீச்சர் பழக்கத்தில் திறந்தது.

"அப்படி இல்லை. 'நான் இங்கயே இருக்கணும்னு நீ விரும்புறியா?' அப்படித்தான் கேக்கணும்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அதே கேள்வியை, இம்முறை பிசகில்லாமல், திரும்பச் சொன்னான்.

"சரியாச் சொன்ன" என்றாள் அவள்.

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அவள் கடலைப் பார்த்தாள். அவன் எழுந்து, பேண்டில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "குளிருது, வா போகலாம்" என்றான், ஸ்பானியத்தில். அடுத்த வாரம் ரயில் ஏறினான்.

அதற்குப் பிறகு சானோவைப் பற்றிய செய்தியெல்லாம் அப்பா வழியாகத்தான் வந்தது. "உன் ஸ்பானியன் நேத்து வீட்டுக்கு வந்தான்மா. எனக்கு மீன் பொரிக்கத் தெரியலையாம். என் சமையலறையில என்னையே வெளிய அனுப்பிட்டான்." இன்னொரு நாள்: "ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சால்மன் மாட்டிச்சு. மீனைவிட அவன்தான் அதிகம் துள்ளினான்." அப்பாவின் குரலில் வருஷக்கணக்காக இல்லாத ஒரு தெம்பு. நூலா சிரித்துக் கேட்டுக்கொள்வாள். ஒரு தடவை, "ஏன்மா, நீயும் வந்துடேன். ரெண்டு பேரும் இங்க இருந்தா எனக்கு வேற என்ன வேணும்?" என்றார். "வகுப்பு நடுவுல விட்டுட்டு வரமுடியாதுப்பா, பார்ப்போம்" என்றாள். ஊருக்குப் போகத்தானே இத்தனை வருஷம் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாள்? போகக் காரணம் கிடைத்தபோது கால் எழவில்லை. தான் போய் நின்றால், தன்னைத் துரத்தி வந்துவிட்டாள் என்று அவன் நினைத்துவிட்டால்?

அங்கே அவன் அப்பாவுக்குத் துணை என்றால், இங்கே அவள் மிலாக்ரோஸுக்கு. கண் மருத்துவரிடம் கூட்டிப் போனாள், எரிவாயு உருளையை மாடி ஏற்றினாள், வெள்ளிக்கிழமைகளில் இருவரும் பொடி இறால் அடை சுட்டுத் தின்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அடையைத் திருப்பிக்கொண்டே மிலாக்ரோஸ் சொன்னாள்:

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் போயிருக்கமாட்டான்."

"நீங்கதானே மிலாக்ரோஸ், அவனை அனுப்பணும்னு என்கிட்ட வந்து நின்னீங்க?"

"பாடம்தான் சொல்லித் தரச் சொன்னேன். முட்டாளா இருன்னு சொன்னேனா?" என்றவள், எண்ணெய் தெறித்ததுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு பிப்ரவரியில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சானோ கூப்பிட்டான். அப்பாவுக்குப் பக்கவாதம். அவன்தான் காலையில் போய்ப் பார்த்து, தூக்கி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறான். நூலா செவிலியா நகரத்திலிருந்து விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது. அவள் கையைப் பிடித்திருந்தார். கண் மட்டும் அடிக்கடி அவள் தோளுக்குப் பின்னால் கதவைத் தேடியது. சானோ உள்ளே வந்து, தலையணையைச் சரிசெய்து, "என்ன பெரியவரே, வெளிய சாரல்தான், பயப்படாதீங்க" என்று காதருகில் சொன்னதும் அந்த முகம் தளர்ந்தது. இரண்டாம் நாள் விடியலில் போய்விட்டார்.

சாவு வீட்டில் நூலாதான் விருந்தாளியானாள். தேயிலை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, சானோவிடம் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவளிடம், "பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஓர்லா என்கிற பெண், யாரும் சொல்லாமலே சாண்ட்விச் வெட்டினாள், கோப்பை கழுவினாள், கடைசியில் நூலாவின் கோட்டை உலர்த்திக் கொண்டுவந்து தோளில் போட்டாள். அவள் போனதும் சானோ சொன்னான்:

"நானும் ஓர்லாவும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். உங்கப்பாவுக்குத் தெரியும். ஆனா உன்கிட்ட சொல்லமாட்டேன்னுட்டாரு. 'அதை நீயே அவகிட்ட சொல்லு, எனக்குத் தைரியம் இல்லை'ன்னாரு."

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எல்லாமே தெரிந்திருந்தது. நூலாவுக்கு அன்றைக்கு வந்த அழுகையெல்லாம் அப்பாவுக்காகத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன ஆகஸ்டில் சானோ, ஓர்லாவையும் மகள் கிரேஸையும் கூட்டிக்கொண்டு காதிஸ் வந்தான். கிரேஸுக்கு ஐந்து வயது. அவள் வாயைத் திறந்தால் பாலினா ஆற்றங்கரைப் பேச்சு அப்படியே கொட்டியது; நூலா வகுப்புகளுக்காகத் துடைத்துத் துடைத்துத் தொலைத்துவிட்ட அதே பேச்சு. நூலாவைப் பார்த்து அந்தக் குழந்தை கேட்டது:

"நீங்க பேசுறது வேற மாதிரி இருக்கே. நீங்க எந்த ஊரு?"

நூலா வாயைத் திறப்பதற்குள் ஓர்லா முந்திக்கொண்டாள்: "கோல்ம் தாத்தா இருந்தாரு இல்லை, அவரோட பொண்ணுடா. நம்ம ஊருதான்."

குழந்தை நம்பாமல் பார்த்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடியது. ஓர்லா பின்னால் ஓடினாள். மிலாக்ரோஸ் தோழிகளோடு பிங்கோவில் மும்முரமாக இருந்தாள். மணலில் நூலாவும் சானோவும் மட்டும். அவனுக்கு மீசை நரைத்திருந்தது.

"அன்னிக்கு நீ கேட்டப்ப, ஆமான்னு சொல்லியிருக்கணும்" என்றாள் நூலா. இத்தனை வருஷம் கழித்து அது ஒரு சின்ன வாக்கியமாகத்தான் வந்தது.

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றான் சானோ. சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததற்காக அவள் நன்றியோடு இருந்தாள். சற்றுப் பொறுத்து, "ரெண்டாவது தடவையும் கேட்டது என் தப்பும்தான். கையைப் பிடிச்சிருக்கணும். வாயால கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றான். அப்புறம் தண்ணீரிலிருந்து குழந்தை கூப்பிட்டது, எழுந்து போனான்.

அவர்கள் கிளம்பிய அன்று நூலா ரயில் நிலையம் வரை பெட்டி தூக்கிப் போனாள். ஓர்லா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கிறிஸ்மஸுக்கு வாங்க. உங்கப்பா அறை அப்படியே இருக்கு, படுக்கை போட்டு வெக்கிறேன்" என்றாள். மனதாரச் சொன்னாள். அந்த வீட்டை இப்போது அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அப்படிக் கேட்டுக்கொண்டதே நூலாதான்.

திரும்பி வந்தபோது மிலாக்ரோஸ் மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தாள். மசாலாவில் ஊறவைத்துப் பொரித்த சுறா, பயணத்துக்குக் கட்டிக்கொடுத்தது போக மீதி. இருவரும் உட்கார்ந்து தின்றார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது.

"நல்ல பொண்ணு" என்றாள் மிலாக்ரோஸ், தோலை ஒதுக்கியபடி.

"ரொம்ப நல்ல பொண்ணு."

"ஒரு குறை சொல்லலாம்னு பார்த்தேன். வாரம் பூரா தேடினேன். ஒண்ணும் கிடைக்கலை."

"நானும் தேடினேன்" என்றாள் நூலா.

மிலாக்ரோஸ் பாத்திரத்தில் கடைசியாகக் கிடந்த துண்டை எடுத்து, இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை நூலாவின் தட்டில் வைத்தாள்.