ரேமோனின் குரல் இருந்த தடம்

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருந்தால் எங்கள் தீவின் வக்குவா ஊர்ச் சந்தைக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குப் போய் அம்புஜத்திடமே கேட்கலாம். கேட்ட பிறகு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம்தான் வேண்டும்.

1986. அம்புஜமும் அவள் அண்ணன் ஜம்புநாதனும் ரேமோனும் சேர்ந்து ஒரு சிங்கிள் ரெக்கார்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய லண்டன் சைக்கடெலிக் ராக் பாணி. சுழன்று மயக்கும் ஆர்கன், பின்னோக்கி ஓடும் கிட்டார். ஆர்கன் அம்புஜம், கிட்டார் ஜம்புநாதன், பாட்டு ரேமோன்.

"ஹோட்டல்ல டூரிஸ்ட்டுக்குப் பாடி அலுத்துப்போச்சு. இது நமக்காக, அம்பு" என்பான் ரேமோன்.

காவடித் திருவிழா முடிந்ததும் அம்புஜத்துக்கும் ரேமோனுக்கும் நிச்சயம் என்று வீட்டில் அரை மனதோடு ஒப்புக்கொண்டிருந்தார்கள். காவடிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ட்ரியோலே சாலையில் ரேமோனின் மோட்டார் சைக்கிள் மேல் லாரி ஏறியது.

இறந்தவனின் குரல் நான்கு தடங்கள் கொண்ட டேப்பில் இருந்தது. முதல் தடத்தில். வேறெங்கும் இல்லை.

பிப்ரவரி 15, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. பதிவு நடக்கும் கராஜுக்கு வெளியே மழை. ஜம்புநாதன் டேப்பைத் திருப்பிப் போட்டு, நான்காம் தடம் காலிதானே என்று அதில் கிட்டார் வாசித்தான். மறுபடி நேராக ஓட்டினால் கிட்டார் பின்னோக்கிக் கேட்கும். ஆனால் டேப்பைத் திருப்பினால் முதல் தடம் நான்காவதாகிவிடும்; அதன் மேல் பதிந்தால் பழையது அழிந்துவிடும். அவனுக்குத் தெரியாததில்லை. அன்று மறந்துவிட்டான்.

3.40. ஓட்டிக் கேட்டார்கள். கிட்டார் இருந்தது. ரேமோன் இல்லை.

"அண்ணா... அவன் எங்கே?"

ஜம்புநாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. "மைக்கைக் கொடு. நான் பாடுறேன்."

"உன்னால முடியாது, அம்பு."

"அவன் பாட்டு பாதியில நிக்கக் கூடாது."

4.05. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் அடி நடுங்கியது. இரண்டாம் அடியில்... கூடவே ஒரு குரல்.

ரேமோன் குரலின் அழியாத மிச்சம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டாள்.

அதுவும் மாற்றிப் பாடியது.

மூச்சு வாங்கினாள்.

அதுவும் வாங்கியது... காதுக்கு வெகு அருகில்.

கடைசி அடி முடிந்தது.

"அம்பு..." என்றது அந்தக் குரல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

4.09. டேப் ஓடித் தீர்ந்து டக்கென்று நின்றது.

திரும்பப் போட்டார்கள். அவள் குரல் மட்டும்தான் இருந்தது. ஜம்புநாதன் வெளுத்துப்போயிருந்தான். செய்த தவறு உறுத்துகிறது என்று அவள் நினைத்தாள்.

மே மாதம் ரெக்கார்டு வெளியாகி, ரேடியோவில் பாட்டு வந்தது. ஸ்வெட்டர் ஃபேக்டரி ஆபீஸில் அம்புஜத்துடன் வேலை பார்க்கும் நதின் கேட்டாள்: "உன்னோட பாடறது யாரு? அப்படியே உருக்குறான்!"

அன்று அம்புஜம் வீட்டில் ரெக்கார்டைப் பதினொரு முறை போட்டாள். தன் குரல் மட்டும்.

"அண்ணா, உனக்குக் கேட்குதா?"

"அன்னைக்கே கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்குது." அவன் நிமிரவில்லை. "உனக்கும் கேட்குதுன்னு நினைச்சேன்..."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 9.20க்கு டெலிபோன். தீவிலேயே உள்ள டிராங்கெபார் பகுதியிலிருந்து ரேமோனின் அம்மா இவெட்.

"மகளே, என் பிள்ளை குரலைக் காப்பாத்திட்டே. நீ நல்லா இருக்கணும்." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"பாட்டு முடிஞ்சதும் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உன்கிட்ட ஒண்ணு கேக்கறானே... அதுக்கு நீ ஏம்மா பதிலே சொல்லல?"