எடைக்காரர் அடுக்கிய பெட்டிகள்

பார்சல் ஆபீசில் இருபது வருடம் எடை போட்டவருக்கு முதுகு போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்றார் டாக்டர். தூக்காத எடைக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேனேஜர் யோசித்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் மேனேஜர்.

"பார்சல் சீட்டுல இருக்கறத கம்ப்யூட்டர்ல ஏத்த ஒரு ப்ரோகிராம் வேணும். மூணு மாசத்துல செஞ்சு காட்டுங்க, உள்ளயே நாற்காலி போட்டுத் தர்றேன். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்லீங்க."

எடைக்காரர் ஞாயிறு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார். பயந்த அளவுக்கு இல்லை. வெள்ளைத் திரையில் பெட்டிகளை மவுசால் இழுத்துப் போட வேண்டும், பட்டனை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று நாலு வரி எழுத வேண்டும். "இருபது வருஷம் பெட்டி தூக்கினது பத்தாதா, வீட்லயும் பெட்டியா?" என்றாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயருக்கு ஒரு பெட்டி போட்டார். பழகின புத்தி போகுமா, அடுத்தது எடைக்குத்தான். அப்புறம் போன், முகவரி. சீட்டில் எடை கடைசியில் இருப்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் பெட்டியை இழுத்துக் கீழே விட்டார். பார்க்க லட்சணமாக இருந்தது.

சோதனை நாளில் டைப் அடிக்க உட்கார்ந்தவளுக்கு ஆபீசில் புயல் என்று பெயர். கண் சீட்டில், விரல் கீபோர்டில். டேப் விசையைத் தட்டித் தட்டி அடுத்த பெட்டிக்குப் போய்க்கொண்டே இருப்பாள். அறுபது சீட்டை மூச்சுவிடாமல் முடித்தாள். மேனேஜர் திரையில் முதல் பார்சலின் பதிவைத் திறந்தார்.

"ஏங்க, இது தொள்ளாயிரம் கோடி கிலோவா? எந்த லாரிங்க தூக்கும்?"

போன் நம்பர் எடைக்குள் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அதுவும் அவள் மேல்.

"ஒரு தடவ நிமிர்ந்து பாக்கக் கூடாதாம்மா?"

"பாத்துப் பாத்து அடிச்சா பொழுது போயிடும்ணா. சீட்டு வரிசையிலதான் என் கை போகும்."

நாளை ஒரு நாள், அதோடு சரி என்றார் மேனேஜர்.

சாப்பாட்டு நேரத்தில் எடைக்காரரே டேப்பைத் தட்டிப் பார்த்தார். பெயரிலிருந்து கர்சர் நேராக எடைக்குத் தாவியது. பெட்டி இடம் மாறினாலும், முதலில் போட்ட வரிசையை அது விடவில்லை. மூன்று மாதமும் மவுசைப் பிடித்தே பழகியவர் டேப்பைத் தொட்டதே இல்லை. பெட்டிகளின் வரிசை எண்களை மாற்ற ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் இன்னோர் அறுபது. எடைக்காரர் அவள் பின்னால் நின்றார். மேனேஜர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"அண்ணன் செஞ்சது எப்படிம்மா இருக்கு?"

"நான் எங்க சார் அதப் பாத்தேன்?" என்றாள் புயல், தலை நிமிராமல். "அடுத்த கட்டு இருந்தா குடுங்க."

மேனேஜர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். எடைக்காரர் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கட்டைப் பிரித்தார்.