வாத்து வேட்டைக்குப் போன வாய்

இந்த நாட்டில் தாய்மார் பார்க்கிற தொழிலுக்குச் சாரதி என்று பெயர்; பின்சீற்றில் பிள்ளையை எங்கேயோ ஏற்றி எங்கேயோ இறக்குவதிலேயே ஆயுசு போய்விடும். நெற்போலுக்கும் நீச்சலுக்கும் வயலினுக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிக் களைத்த சகோதரிகளே, உங்கள் துன்பம் எனக்குத் தெரியும். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், போன இலையுதிர்காலம் முழுக்க என் பதின்மூன்று வயது மகளை வாத்து வேட்டைக்கு ஏற்றி இறக்கினேன். உனக்கென்ன விசரா என்று கேட்காதீர்கள். கேட்டவர்களின் பட்டியல் ஏற்கனவே நீளம்.

ஒரு முழு வசனம்

மகளின் பெயர் ஆரணி. சின்ன வயதில் வாய் ஓயாத பிள்ளை. பதின்மூன்றாவது பிறந்தநாள் கேக்கை வெட்டினாள், கத்தியைக் கீழே வைத்தாள், அதோடு கதையும் நின்றது. ரோவில்லில் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கேட்ட சொற்கள் இரண்டுதான். பள்ளிக்கூடம் எப்படி? ஃபைன். சாப்பாடு? ஓகே. ஏன் முகம் இப்படி இருக்கு? அதற்கு மட்டும் கதவு சாத்துகிற சத்தம்.

நாலு மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, என்னை வாத்து வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களா?" என்று கேட்டாள். இங்கிலிசில்தான், ஆனால் எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வசனம். வகுப்புத் தோழி மேகன் தகப்பனோடு போகிறவளாம். நிலாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டிருந்தாலும் அந்த நேரம் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிள்ளைக்குப் பக்கத்தில் துவக்கு லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும் என்பது சட்டம். நானும் அவளும் ஒரே நேரத்தில் திரும்பி அவளுடைய தகப்பனைப் பார்த்தோம். மனுசன் கையிலிருந்த ஐபாட்டை இறக்காமலே சொன்னார்: "நான் ஊசி போட்டாலே மயங்குற ஆள். நீர் இவ்வளவு காலமும் வாயாலதானே சுட்டனீர், இனித் துவக்காலயும் சுடுமன்."

சோதனை

கொன்வென்ற்றில் படித்தவளிடம் சோதனை என்று சொல்லிப் பாருங்கள், இரத்தம் கொதிக்கும். துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்கு அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறிய கொப்பியோடு போனவள் நான் ஒருத்திதான். பிறகு வாத்து அடையாளம் காணும் சோதனை. திரையில் வாத்துகள் விர்ரென்று பறக்கும். எதைச் சுடலாம், எதைத் தொடவே கூடாது என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லவேண்டும். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்துகொண்டே, மேடையில் நிற்பவளின் சீலை போன வருசம் யாருடைய கலியாணத்துக்குக் கட்டினது என்று சொல்லக்கூடியவள் நான். வாத்தின் செட்டை எம்மாத்திரம்? ஆரணிக்கு இரண்டு பிழை. எனக்கு ஒன்றும் இல்லை.

பெருமை தாங்காமல் சிட்னியில் ஹோம்புஷிலிருக்கும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அவள் கத்தினாள்: "துவக்குக்குப் பயந்துதானடி கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். நீ என்னெண்டால் வரிசையில நிண்டு, போர்ம் நிரப்பி, அதைக் கேட்டு வாங்குறாய்!"

பெட்டகம்

துவக்கு வைக்க இரும்புப் பெட்டகம் வேண்டும். சுவரோடு சேர்த்து இறுக்கவேண்டும். பூட்டின் திறப்பு, லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டும்தான் இருக்கவேண்டும். புருசனுக்குக்கூட அது இருக்கிற இடம் தெரியக்கூடாது. சகோதரிகளே, இதைவிட அருமையான சட்டம் ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஆட்களின் வீடு என்றால் பவுண் இருக்கும் என்று கள்ளர் மணம் பிடித்து வருகிற காலத்தில், அப்படிப்பட்ட பெட்டகத்துக்குள் ஒரு துவக்கை மட்டும் தனியே வைக்க எனக்கென்ன பைத்தியமா? தாலிக்கொடி, பதக்கம் சங்கிலி, ஆரணியின் காப்புகள் எல்லாம் உள்ளே போயின. அட்டியலைப் பெட்டியோடு வைக்க இடம் காணவில்லை. துவக்குக் குழலிலேயே கொழுவி விட்டேன்.

பாதுகாப்பைப் பரிசோதிக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். இளம் பிள்ளை, முகமெல்லாம் புள்ளி. பெட்டகத்தைத் திறந்து காட்டினேன். குழலில் தொங்கிய அட்டியலை முதலில் பார்த்தார். பிறகு பூட்டைப் பார்த்தார், சரி. தோட்டா வேறு பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தார், அதுவும் சரி. எழுதிக் கையெழுத்து வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று சொன்னதை எங்கள் தமிழிலேயே தருகிறேன்: "எத்தனையோ வீட்டில துவக்குப் பார்த்திருக்கிறன், மேடம். கலியாணத்துக்கு வெளிக்கிட்டு நிண்ட துவக்கை இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

உடுப்பு

வாத்துக்குக் கண் கூர்மை. அதனால் புல்லோடு புல்லாய்த் தெரிகிற, பச்சையும் மண்ணிறமும் கலந்த உடுப்பு வேண்டும். டண்டினொங்கில் ஒரு கடையில் போட்டுப் பார்த்தேன். அளவு பிடித்தது. கழற்றிப் போடப் பஞ்சியாக இருந்தது. தொப்பியும் சப்பாத்துமாக அப்படியே காசைக் கட்டிவிட்டு, றோல்சுக்கு மீன் ரின் வாங்குவதற்காக அடுத்த தெருவில் உள்ள எங்கள் தமிழ்க் கடைக்குள் நுழைந்தேன்.

கடை பார்க்கிற தம்பி வன்னிப் பக்கம். வள்ளத்தில் வந்தவர். குனிந்து அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். முதலில் என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல மேலே பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து, ஒரு அடி பின்னால் போய், ராக்கையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். வலது கை சேர்ட் பொக்கெற்றுக்குள் எதையோ தேடியது. நான் அவசரமாய்த் தொப்பியைக் கழற்றி, "தம்பி, இது நான், ரோவில் அக்கா" என்றேன். அவர் அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன், இரண்டு பேருக்கும் நிற்பாட்ட முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஆமி எண்டு நினைச்சு அடையாள அட்டையைத் தேடுதக்கா என்ர கை. நான் இஞ்ச வந்து பன்னிரண்டு வருசம். கைக்கு இன்னும் விசா கிடைக்கேல்லை."

நான் வீட்டுக்குப் போக முதல் அந்தக் கடையின் பின்னறையிலேயே உடுப்பை மாற்றினேன்.

குளத்தில்

குளம் கிப்ஸ்லாண்ட் பக்கம், காரில் இரண்டு மணித்தியாலம். முதல் அரை மணித்தியாலம் வழக்கம்போல ஊமைப் பயணம். வீடுகள் முடிந்து மாடுகள் தொடங்கிய இடத்தில் ஆரணி வாய் திறந்தாள். எந்த வாத்து எப்படித் திரும்பும், எதற்குச் செட்டையில் வெள்ளைக் கோடு என்று தொடங்கி, எந்த ரீச்சருக்கு எந்த ரீச்சரைப் பிடிக்காது என்பது வரைக்கும் போனாள். நான் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி மூச்சு விடாமல் கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வாத்து தேவையில்லை. தோல் உரித்து, இறைச்சிக்குள் பாய்ந்த சன்னம் பொறுக்கி, அதைச் சமைக்கப்போவது யார்? எனக்குத் தேவை அந்தக் கார்ச் சீற். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

குளத்தில் நாணலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றோம். முன்னால் பொம்மை வாத்துகள் மிதந்தன. அசையக்கூடாது, கதைக்கக்கூடாது. நானும் என்னால் இயன்ற மட்டும் பொறுத்தேன். ஏழு நிமிசம் இருக்கும். பிறகு தொப்பியைக் காது மூட இழுத்துவிடு என்றேன். சப்பாத்துக்குள் தண்ணி போகுதோ என்றேன். சளி பிடித்தால் நாளைக்கு இங்கிலிஸ் சோதனை என்ன கதி என்றேன். பாணுக்குள் சம்பல் வைத்ததைச் சுற்றிய அலுமினியத் தாளைக் கரகரவென்று பிரித்தேன். எங்களை நோக்கி வந்த கூட்டம் நடு வானத்தில் அப்படியே வளைந்து எதிர்ப்பக்கம் போனது. பக்கத்து நாணலுக்குள்ளிருந்து தாடிக்கார மனிதர் ஒருவர் எழும்பினார். தொப்பியைக் கழற்றி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உங்கட மகளுக்கு நாளைக்கு இங்கிலிஸ் சோதனை எண்டது இந்தக் குளத்தில எல்லாருக்கும் தெரியும், மேடம். இப்ப வாத்துகளுக்கும் தெரியும்."

எச்சரிக்கை

திரும்பி வரும்போது காருக்குள் சத்தமே இல்லை. மாடுகள் முடிந்து வீடுகளும் வந்துவிட்டன. எங்கள் தெருவில் திரும்பும்போதுதான் தீர்ப்பு வந்தது: "அம்மா, இனிமேலும் கதைச்சீங்கள் எண்டால் நான் மேகனோடயும் அவளின்ர அப்பாவோடயும் போறன். அவர் கதைக்கிறதே இல்லை."

வெள்ளிக்கிழமை விவகாரம்

அடுத்த பயணம் பள்ளி விடுமுறையில். சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டும்போதுதான் அன்று வெள்ளிக்கிழமை என்று உறைத்தது. எங்கள் வீட்டில் வெள்ளியில் மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்குவதில்லை. "சாப்பிடக் கூடாத நாளில சுடலாமா?" என்று ஆரணி கேட்டாள். நான் யோசித்துத் தீர்ப்புச் சொன்னேன்: சுடலாம், சனிக்கிழமை வரைக்கும் குசினிக்குள் கொண்டுவரக் கூடாது. உளுந்து வடையும் மரக்கறி றோல்சும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம்.

குளத்தில் எங்களுக்கு முதலே வேட்டையை எதிர்க்கிறவர்கள் வந்து, விசில் ஊதிக் கொடி ஆட்டி வாத்துகளைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். குழப்பம் என்னால் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. அவர்களில் என் வயதுப் பெண் ஒருத்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொலை செய்ய வந்திருக்கிறாயே, வெட்கமில்லையா என்று கேட்டாள். எனக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதுவும் சிஸ்ரர்மார் அடித்துப் பழக்கிய இங்கிலிசில். ஆரணி ஒற்றை விரலை உயர்த்தினாள். நான் வாயை மூடிக்கொண்டு, கையில் இருந்த பெட்டியைத் திறந்து நீட்டினேன். என்ன இறைச்சி என்று அந்தப் பெண் சந்தேகமாய்க் கேட்டாள். "இறைச்சி இல்லை, அம்மா வெள்ளிக்கிழமையில சைவம்" என்று ஆரணி விளக்கினாள். வந்தவள் ஒன்று எடுத்தாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டவள் சொன்னாள்: "உன்னைத் திட்டத்தான் வந்தனான். இப்ப எனக்கு எங்க தொடங்கிறதெண்டு தெரியேல்லை."

கடைசிச் சனி

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. அதுவரைக்கும் ஒரு வாத்தும் இல்லை, அதில் பாதிப் பழி என் வாய்க்கு. இன்றைக்கும் கெடுத்தால் சீற் போச்சு என்பது எனக்குத் தெரியும். நாணலுக்குள் நின்றவுடன் பல்லில் ஒட்டுகிற ரொபி ஒன்றை வாய்க்குள் போட்டு இறுக்கிக் கடித்தேன்.

பத்து நிமிசம் போனது. இருபது போனது. ஆரணி ஓரக்கண்ணால் இரண்டு முறை என்னைப் பார்த்தாள். நாற்பதாவது நிமிசம் துவக்கை மடித்துக் கையில் தொங்கவிட்டு, என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "அம்மா, என்னோட கோபமா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப ஏன் கதைக்கேல்லை?" நான் வானத்தைக் காட்டினேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "மேகன் என்னோட கதைக்கிறதில்லை, அம்மா. என்ர பிறந்தநாளுக்கு முதலே விட்டுட்டாள். மத்தவையும் அவளோட போயிட்டினம். நானும் வேட்டைக்குப் போனால் திரும்பக் கதைப்பாள் எண்டு நினைச்சன். கதைக்கேல்லை. மத்தியானச் சாப்பாட்டை நான் லைப்ரரிக்குள்ள வச்சுத்தான் சாப்பிடுறனான்."

மேகனோடு போறன் என்று என்னை வெருட்டிய பிள்ளைக்குப் போவதற்கு வேறு காரே இருக்கவில்லை. எனக்குச் சொல்ல நூறு விசயம் இருந்தது. மேகனைப் பற்றி இருபது, மேகனின் தாயைப் பற்றி மிச்சம் எண்பது. ரொபி விடவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். எங்கே இருப்பது, யார் சிரிப்பது, மணி அடிக்கும்வரை என்ன புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருப்பது என்று எல்லாம். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் ஒன்பது வாத்துகள் தாழப் பறந்து வந்தன. சுடக்கூடிய இனம், சோதனையில் முழுப் புள்ளி எடுத்தவள் சொல்கிறேன். பொம்மைகளுக்கு நடுவில் இறங்கின. சுற்றிப் பார்த்தன, ஒன்று செட்டையைக் கோதியது. ஆரணி முதுகைக் காட்டியபடி கதைத்துக்கொண்டே இருந்தாள். நான் விரல்கூட அசைக்கவில்லை. ஆறுதலாக நீந்திவிட்டு ஒன்பதும் எழும்பிப் போயின. அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் திரும்பினாள்.

"வந்து நிண்டதா? இவ்வளவு கிட்டவா? ஏன் சொல்லேல்லை?" ரொபியை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, கதைக்கக் கூடாதென்று நீதானே சொன்னனி என்றேன். அவள் என்னையும் வெறும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் இன்னும் ஈரம்தான், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த முறை தமிழில் சொன்னாள்: "இவ்வளவு நாளும் தேவையில்லாததெல்லாம் கதைச்சுப்போட்டு, தேவையான ஒண்டே ஒண்டை மட்டும் சொல்லாமல் விட்டுட்டீங்கள், அம்மா!"

ஆகவே, கார் ஓட்டும் சகோதரிகளே, பிள்ளை வாய் திறப்பதற்கு ஒன்றில் துவக்கு லைசென்ஸ் எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வாயை மூடுங்கள். இரண்டையும் செய்து பார்த்தவள் சொல்கிறேன், லைசென்ஸ் எடுப்பதுதான் சுலபம்.