பன்னிரண்டாம் முடக்கில் ஒரு கூப்பாடு

ரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் அந்த மலையிடுக்கு றோட்டில் பதினெட்டு முடக்குகள், எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். பத்தொன்பது வருஷமாக அத்தனையையும் சைக்கிளில் ஏறி இறங்கியவர் பவாஸ் ஒருவர்தான். ஏறினார் என்றால் மிதித்து ஏறினார் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் மீனும் ஐஸும் நிறைந்த பெட்டியோடு அந்த ஏற்றத்தை எவனாலும் மிதிக்க முடியாது. பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போவார். இறங்கும்போது மட்டும் அவர் ராஜா.

அந்த றோட்டை யாரோ நேற்றுத்தான் கண்டுபிடித்தது போல இப்போது பேச்சு. ஆற்றோரமாக ஒரு ஹோட்டல் வந்தது. வெள்ளைக்காரர்கள் மெல்லிய டயர் சைக்கிள்களில் வரிசையாகப் போனார்கள். வாகனமில்லாத, சத்தமில்லாத மலைப்பாதை என்று சொல்லித்தான் அவர்களைக் கூட்டிவந்தார்களாம். போகட்டும், நல்ல றோட்டை நாலு பேர் பார்க்கிறதில் பவாஸுக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலையில் அவர்களைக் கண்டால் கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஆனால் பவாஸின் பிழைப்பே சத்தம்தான். ஐந்து மணிக்கு ரத்தோட்டைச் சந்தியில் திருகோணமலை லொறி மீனை இறக்கும். எடுத்துக்கொண்டு ஏறினால் ஆறே முக்காலுக்குப் பன்னிரண்டாம் முடக்கு. அங்கே மலை இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடுகிற மாதிரி நெருங்கும். எதிரே மொட்டைப் பாறை. அந்த இடத்தில் நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தால், பாறையில் பட்டு மேலே தேயிலைத் தோட்ட லயத்துக்கும் போகும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிளகுத் தோட்டத்து வீடுகளுக்கும் போகும். இருநூறு படி இறங்க வேண்டிய பெண்கள் தட்டோடு இறங்கத் தொடங்குவார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படியடிக்குப் போய்ச் சேரவும் அவர்கள் வந்து நிற்கவும் சரியாக இருக்கும். மீன் வாங்கிவிட்டு வேலைக்கும் நேரத்தோடு போய்விடுவார்கள். பெட்டியை றோட்டில் விட்டுவிட்டு வீடு வீடாகப் படியேறலாமே என்பவர்கள் அந்த ஊர்க் காகங்களையும் நாய்களையும் அறியாதவர்கள்.

இப்படிப்பட்ட குரல் வீட்டில் ஒரு சுண்டெலிக்கும் கேட்காது. அவருடைய மனைவி றமீஸா, "என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுத்தான் பதில் சொல்வாள்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முடக்கு திரும்பிய வெள்ளைக்காரி ஒருத்தி பவாஸின் கூப்பாட்டில் வெருண்டு, சைக்கிளோடு றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. பவாஸ் பதறிப் போனார். ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, பெட்டியிலிருந்த ஐஸை எடுத்துக் காயத்தில் வைத்தார். அவள் சிரித்து நன்றியும் சொன்னாள். ஆனால் கூப்பாட்டில் வெருண்டு விழுந்ததையும், இரண்டு நாள் குளித்தும் சாளை மீன் வாடை போகாததையும் ஹோட்டலில் எழுதி வைத்துவிட்டாள் போலிருக்கிறது. அடுத்த கிழமையே முடக்கில் ஒரு போர்டு முளைத்தது. 'அமைதிப் பாதை. காலை ஆறு முதல் பத்து வரை ஹோர்ன் அடித்தல், கூச்சலிடுதல் கூடாது.'

சண்டைக்காரர் அல்ல பவாஸ். மூன்று நாள் வாயை மூடிப் பார்த்தார். மணி அடித்துப் பார்த்தார், ஆற்றுச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. அவர் படியடியில் காத்து நின்று போன பிறகுதான் பெண்கள் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். பாதி மீன் அப்படியே திரும்பியது. அதைவிட, ஊமை மாதிரி அந்த முடக்கைத் தாண்டிப் போனது அவருக்கு அவமானமாக இருந்தது. சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பதுங்கிப் போகிற மாதிரி.

"கொஞ்சம் மெல்லமாக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள் றமீஸா.

"மெல்லமாக் கூப்பிட்டா மீனுக்குத்தான் கேக்கும்."

மூன்றாம் நாள் மாலை மேர்வின் வீடு தேடி வந்தான். ஹோட்டலில் சைக்கிள்காரர்களுக்கு வழிகாட்டி. மேல் லயத்துப் பிள்ளைதான். கொழுந்தெடுத்து ஓய்ந்த மரிய கொறற்றியின் ஒரே மகன். பவாஸின் மீனில் வளர்ந்த உடம்பு அது. ஊரில் எல்லோரையும் போல அவனும் அவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவான்.

"வட்ஸ்அப்ல ஒரு குரூப் போடுங்க நானா. எல்லாருக்கும் மெசேஜ் போயிரும்."

"அந்த முடக்குல சிக்னல் இருக்கா தம்பி?"

மேர்வின் தலையைச் சொறிந்தான். பிறகு உண்மையான விஷயத்துக்கு வந்தான். "ஹோட்டல் பெரியவர் சொல்லச் சொன்னாருங்க. ஒங்க பெட்டிய முழுசா ஹோட்டலே எடுத்துக்குமாம், தெனமும். கேட்டுலயே குடுத்துட்டு நீங்க எறங்கிறலாம். ஏற்றமும் இல்ல, கத்தவும் தேவையில்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து றமீஸா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். பவாஸின் முழங்கால் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அப்ப மேல உள்ளவங்க என்னத்தத் தின்னுற? ஒங்க உம்மா என்னத்தத் தின்னுற?" என்றார் பவாஸ், வழக்கமான சின்னக் குரலில். "மீன வாங்குறேன்டு சொல்லி என்ட வாயத்தான் தம்பி வாங்கப் பாக்குறாங்க. அது விக்கிறதுக்கு இல்லேண்டு சொல்லுங்க."

மறுநாள் காலை. பன்னிரண்டாம் முடக்கில் ஆறு சைக்கிள்காரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் மேர்வின். பவாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்தப் போர்டிலேயே சாய்த்து நிறுத்தினார். வேறு சாய்க்க இடமா இல்லை? வேண்டுமென்றேதான்.

மேர்வின் ஓடிவந்தான். "நானா, இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. பெரியவரோட ஆளுங்க இவங்க. என் வேல போயிருங்க."

பவாஸுக்கு மனம் இளகத்தான் செய்தது. பிள்ளையின் முகத்தில் தூக்கமே இல்லை. ஆனாலும் மேலே இருநூறு படிக்கு அப்பால் தட்டைக் கழுவிவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர்களையும் அவருக்குத் தெரியும்.

"ஒங்க வேல என்ட வாய மூடுறது தம்பி. என்ட வேல அதத் தொறக்கிறது. நீங்க ஒங்க வேலையச் செஞ்சிட்டீங்க."

பிறகு சைக்கிள்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். பிரேக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்படி சைகை செய்தார். ஒருத்தி சிரித்தாள். மூன்று நாள் அடைபட்டுக் கிடந்த குரல் அது. சும்மாவா வரும்?

"மீனேய்ய்! மாலு மாலு மாலேய்ய்! பாரே! சூரே! சாளே!"

பாறை அந்தத் தமிழையும் சிங்களத்தையும் வாங்கி இரண்டு மலைக்கும் திருப்பிக் கொடுத்தது. ஆறு பேரும் தண்ணீர்ப் போத்தலோடு அப்படியே நின்றார்கள். மேர்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

மேலேயிருந்து பதில் வந்தது. பெண் குரல், பவாஸின் குரலுக்கு ஒரு பிடியும் குறையாத குரல்.

"நானோவ்! பாரத்தல இருக்கா? இருந்தா வேற யாருக்கும் குடுத்துறாதீங்க! எங்க மேர்வினு மூணு நாளா நல்ல சோறு திங்கல!"

பாறை அதையும் விடவில்லை. மேர்வினு, மேர்வினு என்று மலையிடுக்கு முழுக்க அவன் பெயரைக் கொண்டுபோனது. சைக்கிள்காரர்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கொறற்றி இறங்கத் தொடங்கியிருந்தாள். இரவு முழுக்க மழை, படியெல்லாம் பாசி. அந்த வயதிலும் அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

மேர்வின் போர்டைப் பார்த்தான், பவாஸைப் பார்த்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"அம்மோவ்! தல இருக்கு, எடுத்து வைக்கிறாரு! ஓடாதீங்க, வழுக்கும்! மெதுவா வாங்க!"

பவாஸை விட நல்ல குரல். பவாஸே ஒரு கணம் அசந்துபோனார். பிறகு பெட்டியைத் திறந்து, பாரை மீன் தலையை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மறுபடி மூச்சை இழுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் இன்னும் பதில் சொல்லவில்லை.